துண்டுக்கடியில் வாங்கின சைக்கிள்

அந்தக் காலைக் கொஞ்சம் உள்ளே இழுத்துக்குங்க தம்பி. பயப்படாதீங்க, உதைக்காது. சைக்கிள்தான். இடுப்போட மடக்கி வச்சிருக்கேன். கரண்டு சைக்கிள். கோயம்புத்தூருக்கா போறீங்க? நல்லதாப் போச்சு. இறங்கறப்ப அக்கட்டப் பக்கம் ஒரு கை புடிச்சீங்கன்னாப் போதும்.

நான் காரமடையில ரயில் ஏறினதுலயிருந்து நீங்க இதையே பாத்துட்டு இருக்கீங்க. நான் உங்களைப் பாத்துட்டு இருக்கேன். பாக்கறது தப்பில்லை. ஆனா இப்படி வாயைப் பொளந்து பாக்கக்கூடாது. இதே பார்வையோட நீங்க ஒரு கடைக்குள்ள போனா, கடைக்காரன் கோவணத்தையும் உருவிட்டுத்தான் அனுப்புவான். சிரிக்காதீங்க. அடிபட்டவன் சொல்றேன்.

என் பேரு மருதாசலம். மாட்டுத் தரகு. புளியம்பட்டிச் சந்தையில பச்சைத்துண்டு மருதாசலம்னு கேட்டுப் பாருங்க. தெரியாதுன்னு ஒருத்தன் சொன்னா, அவன் அன்னிக்குத்தான் சந்தைக்கு வந்திருப்பான். பள்ளிக்கூடத்துல எனக்கு ஒண்ணும் ஏறலை. சந்தையிலதான் படிச்சேன். முதமுதல்ல வாங்கின காளை, வீடு வந்து சேர்ந்ததும் மூணு காலுல நின்னுச்சு. வித்தவன் அதுக்குச் சாராயத்தை ஊத்திக் குஷியா நடக்க வச்சிருக்கான். அன்னிக்கு எங்கப்பன் என்னை அடிச்ச அடி இருக்குதே, அதுதான் எனக்கு எஸ்எஸ்எல்சி. அதுக்கப்பறம் என்னை ஏமாத்தினவன் எவனும் இல்லை. ஒருத்தன்கூட இல்லை.

எங்க தொழில்ல ரெண்டே ரெண்டு சட்டம். முதல் சட்டம், வேணுங்கற மாட்டைப் பாக்கவே கூடாது. நீங்க செவலைக் காளைக்கு ஆசைப்பட்டுப் போறீங்களா, பக்கத்துல நிக்கற மயிலைக் காளையைப் பேசோணும். பல்லைப் புடிச்சுப் பாக்கோணும், சுழியைப் பாக்கோணும், "இது காளையாய்யா, வெள்ளாட்டுக்குக் கொம்பு ஒட்டி ஓட்டிட்டு வந்திருக்கியா?"ன்னு கேக்கோணும். சண்டை போடோணும். கோவிச்சுட்டுத் துண்டை உதறித் தோள்ல போட்டுட்டு நாலடி நடக்கோணும். அப்பத் திரும்பி, "சரி, வந்ததுக்கு அந்தச் செவலையையாவது புடிச்சுட்டுப் போறேன், தள்ளி விடு"ங்கோணும். கொடுத்துருவான். பாதி விலைக்குக் கொடுத்துருவான்.

ரெண்டாவது சட்டம் துண்டு. சந்தையில நூறு காது இருக்கும். அதனால விலையை வாயால பேசமாட்டோம். ரெண்டு பேர் கையையும் ஒரு துண்டு போட்டு மூடிக்குவோம். உள்ள விரலைப் புடிச்சுத்தான் பேச்சு. மூணு விரலைப் புடிச்சா மூணு. வெளிய வாய் மழையைப் பத்திப் பேசிட்டு இருக்கும். உள்ள எதிராளி நம்ம விரலைச் சேத்து மடக்கிட்டான்னா யாவாரம் முடிஞ்சுது. ரசீது கிடையாது, கையெழுத்து கிடையாது. மடக்கினது மடக்கினதுதான். அதுக்கப்பறம் மாறினவனைச் சந்தையில நாய்கூட மோந்து பாக்காது. நான் இந்த வயசுக்கு மாறினதில்லை.

இதை எதுக்குச் சொல்றேன்னா, இந்தச் சைக்கிளை அப்படித்தான் வாங்கினேன்.

எம்புள்ளைக்குங்க. மோகனா. ஒரே புள்ளை. அவ அம்மா போனதுக்கப்பறம் வீட்டுல நாங்க ரெண்டு பேருதான். கோயம்புத்தூர்ல சவுரிபாளையத்துல ஒரு ஆடிட்டர் ஆபீஸ்ல வேலை. பெரிய கெட்டிக்காரியெல்லாம் இல்லை. சுமார்தான். (இதைச் சொல்றப்ப என் மூஞ்சியைப் பாக்காதீங்க.)

எங்க ஊரு பெரியகரடு. காரமடையிலயிருந்து மேக்கே நாலு மைல். பேருலயே கரடு இருக்குது பாருங்க, அப்பறம் ரோடு எப்படி இருக்கும்? காலையில முழுக்க எறக்கம், சாயந்தரம் முழுக்க ஏத்தம். பஸ்ஸு அடிவாரத்துலயே திரும்பிக்கும். அதனால தினமும் என்ர எக்ஸெல் வண்டியில நான்தான் அவளைக் கொண்டுபோய் ஸ்டேஷன்ல விடுவேன், சாயந்தரம் கூட்டியாருவேன். கோயம்புத்தூர்ல இறங்கி அவ ரெண்டு பஸ் மாறோணும், அது வேற.

நான் வம்புக்குப் போறவன் இல்லீங்க. ஆனா வம்பு நடுரோட்டுல நின்னா என்ன பண்றது? பால்வண்டிக்காரன் குறுக்க நிறுத்திட்டு டீ குடிச்சுட்டு நிக்கறான். கேக்கோணுமா இல்லையா? கேட்டேன். அவன் ஒண்ணு சொன்னான், நான் நாலு சொன்னேன். மோகனா பின்னால உக்காந்துட்டு, "அப்பா, ரயிலுங்கப்பா, ரயிலுங்கப்பா"ங்கறா. ரயில் போகட்டும் சாமி, நியாயம் போகலாமா? ரயில் போயிருச்சு. இன்னொரு நாள் ஒரு டெம்போக்காரன். அப்பறம் ஒரு நாள் ரயில்வே கேட்டுல. கேட்டை மூடறவன் என் மூஞ்சியைப் பாத்துத்தான் மூடினான், எனக்கு நல்லாத் தெரியும். அன்னிக்கும் போயிருச்சு. ஆபீஸ்ல அவளை நிக்க வச்சுத் திட்டினாங்களாம். நான் வந்து பேசட்டுமா சாமின்னு கேட்டேன். வேண்டாம்னு கையெடுத்துக் கும்புட்டா.

அந்தச் சாயந்தரம் தட்டுல சோத்தைப் போட்டுட்டுச் சொன்னா. "அப்பா, ரெண்டுல ஒண்ணு. மடக்கற கரண்டு சைக்கிள் ஒண்ணு வாங்கிக்கறேன். ரயில்லயே ஏத்திக்கலாம், ரெண்டு பக்கமும் ஆவும், உங்களுக்கும் அலைச்சல் இல்லை. இல்லைன்னா ஆபீஸ் பக்கத்துலயே ஏதாச்சும் ஹாஸ்டல் பாத்துக்கறேன்."

ஹாஸ்டலை வாய்க்குள்ளயேதான் சொன்னா. சைக்கிளைத்தான் அழுத்திச் சொன்னா. புள்ளைக்குச் சைக்கிள்மேல எவ்வளவு ஆசை பாருங்கன்னு நினைச்சேன்.

ஹாஸ்டல்னா எனக்கென்ன? போனாப் போகட்டும். நான் பாட்டுக்கு ஒரு சொம்பு அரிசி போட்டு வடிச்சுட்டு, நாயிகூடப் பேசிட்டு இருந்துட்டுப் போறேன். அதுக்காகவெல்லாம் நான் கலங்கறவன் இல்லை. ஆனா சைக்கிள்னு கேட்டுட்டாளே, அதுக்காக ஒத்துக்கிட்டேன். அவ சம்பளத்துல வாங்கறேன்னா. நீ பேனாவைப் புடி, வாங்கறது விக்கறது என்ர வேலைன்னு சொல்லிட்டேன்.

அப்பறம் பாருங்க, போனை வச்சுட்டு எனக்குப் பாடம் எடுத்தா. ரெண்டு வாரம். இந்த மோட்டார், அந்த பேட்டரி, இத்தனை கியர். கடைசியில செவப்பு ஒண்ணு, கறுப்பு ஒண்ணுன்னு ரெண்டு சைக்கிள்ல வந்து நின்னா. நான் என்ர பாஷையில கேட்டேன்.

"இதுக்குத் தீனி என்ன சாமி?"

"ராத்திரி பிளக்குல மாட்டினாப் போதுங்கப்பா. பேட்டரியைக் கழட்டி வீட்டுக்குள்ள கொண்டாந்துக்கலாம்."

"ஏத்தத்துல மூச்சு வாங்குமா?"

"செவப்பு கொஞ்சம் வாங்குங்கப்பா. பெடலையும் மிதிக்கோணும். ஆனா அதுதான் எடை கம்மி. ஒத்தக் கையில தூக்கி ரயில் படியில வச்சுரலாம். கறுப்பு நம்ம கரட்டுல நிக்காம ஏறும், மூணு நாளைக்கு ஒருக்கா தீனி போட்டாப் போதும். ஆனா தூக்கறதுக்கு ஆள் வேணும்."

"அப்பச் செவப்பு."

"ஆமாங்கப்பா, செவப்புதான்."

பாத்தீங்களா? எவ்வளவு தெளிவாப் பேசி முடிச்சோம். செவப்புதான் வாங்கறதுன்னு முடிவு. கடையும் அவதான் சொன்னா. போற வழியில ரயில்ல இதே மாதிரி எதுத்தாப்ல உக்கார வச்சு அவளுக்கு ரெண்டு சட்டத்தையும் சொல்லிக் கொடுத்தேன். "கடைக்குள்ள வந்தா வாயைத் தொறக்கக்கூடாது. செவப்பைப் பாக்கக்கூடாது. புடிச்சிருக்குன்னு மூஞ்சியில ஒரு மயிரிழை தெரியக்கூடாது. நான் கறுப்பைப் பேசுவேன். சண்டை போடுவேன். கோவிச்சுட்டு எந்திரிக்கறப்பச் செவப்பு தானா வந்துரும்."

"சரிங்கப்பா"ன்னா. அவ்வளவு கவனமாக் கேட்டா. ஆடிட்டர் ஆபீஸ்ல இவளுக்கு இப்படி யாராச்சும் சொல்லித் தருவாங்களா?

கடை கண்ணாடிக் கடை. உள்ள ஏசி. ஒரு பையன், கழுத்துல பட்டையைத் தொங்கவிட்டுட்டு, "வாங்க சார், என்ன ரேஞ்சுல பாக்கறீங்க"ன்னான். நிர்மல்னு சட்டையில பேர் ஒட்டியிருந்துச்சு. பல்லைப் பாத்தேன். பால்பல்லு. இவனா எனக்கு எதிராளின்னு சப்புன்னு போச்சு.

நேரா கறுப்புக்கிட்டப் போனேன். இதுதான், இதேதான். சுத்திச் சுத்தி வந்தேன். ஒரு உதை விட்டேன்.

"என்ன தம்பி இது? எருமையா?"

"ஹெவி டியூட்டி சார். மலைப் பாதைக்குன்னே…"

"மலைக்கா? இதைப் பாத்தா மலையே எறங்கி வந்து அழும். டயரைப் பாரு, யானைக்கால் வந்த மாதிரி. நடு இடுப்புல ஒடிஞ்ச மாட்டையே எங்க ஊர்ல கசாப்புக்குத்தான் ஓட்டுவோம். நீ அதுக்கு விலை ஒட்டி வச்சிருக்கே!"

கடையில நின்னவங்க அத்தனை பேரும் திரும்பிட்டாங்க. மோகனா சுவத்தைப் பாத்துட்டு நிக்கறா. செவப்புப் பக்கம் கண்ணே போகலை. தங்கம். சொன்னதைச் சொன்னபடி செய்யறா.

பையன் கொஞ்சம் குறைச்சான். நான் கொஞ்சம் சத்தத்தைக் கூட்டினேன். இன்னும் குறைச்சான். சரி, இனி கோவிச்சுட்டு எந்திரிக்கற நேரம். அதுக்கு ஒரு அடாவடியான விலை கேக்கோணும், அவன் முடியவே முடியாதுங்கோணும். அங்கதான் எனக்கு ஒரு விளையாட்டுப் புத்தி வந்துச்சு. டவுன் பையனுக்கு ஒரு வேடிக்கை காட்டலாமேன்னு, "கையைக் கொடு தம்பி"ன்னு அவன் கையை வாங்கி மேல பச்சைத்துண்டைப் போட்டேன். ஒட்டியிருந்த விலை அஞ்சு விரலை ஒட்டி, விரலுக்குப் பத்தாயிரம். நான் மூணு விரலைப் புடிச்சேன். வெளிய, "கோயம்புத்தூர்ல மழை எப்படி?"ன்னு கேட்டேன்.

பையன் பேந்தப் பேந்த முழிப்பான்னு பாத்தேன்.

"நேத்து நல்ல மழைங்க"ன்னான். உள்ள என்ர விரலைச் சேத்து மடக்கிட்டான்.

தம்பி, எனக்கு உச்சந்தலையிலயிருந்து வேத்துருச்சு. அந்த ஏசியில.

"பச்சைத்துண்டு மருதாசலம் மாமாதானுங்களே?"ங்கறான். "நான் புளியம்பட்டி வேலுச்சாமி பையனுங்க மாமா. சின்னதுல உங்க துண்டுக்குள்ள எட்டிப் பாத்து எத்தனை குட்டு வாங்கியிருக்கேன்! இந்த மாடல் ஆறு மாசமா ஓடாம நிக்குதுங்க. முதலாளி எந்த விலைக்காச்சும் தள்ளி விடுன்னுட்டாரு."

யாவாரம் முடிஞ்சுது. செவப்பு அங்கயே நிக்குது. கறுப்பு என்ர தலையில.

அந்தப் பையன் நல்லவனுங்க. என்ர மூஞ்சியைப் பாத்துட்டு, மெதுவாக் கேட்டான். "மாமா, நீங்க வந்தது செவப்புக்குன்னா அதையே எடுத்துக்குங்க. விரலை விட்டுருவோம். நமக்குள்ள என்ன?"

அங்கதான் எனக்கு வந்துச்சு கோவம். "என்றா நினைச்சே? மருதாசலம் மடக்கின விரலை நீட்டுவானா? உங்கப்பனைக் கேளுடா, நான் எங்கயாச்சும் மாறியிருக்கேனான்னு! நான் வந்ததே கறுப்புக்குத்தான்டா!" கடை அதிர்ந்துச்சு. ஒரு அம்மா குழந்தையைத் தூக்கிட்டு வெளிய போயிட்டாங்க.

மோகனாவைத் திரும்பிப் பாத்தேன். ஒரு வார்த்தை, "அப்பா, செவப்பு"ன்னு ஒரு வார்த்தை அவ சொல்லியிருந்தா, புள்ளைக்காகன்னு… சொல்லலையே. வாயைத் தொறக்காதேன்னு நான்தானே சொல்லி வச்சிருந்தேன். மூஞ்சியில ஒண்ணுமே இல்லை. கல்லு மாதிரி. மயிரிழை தெரியலை.

பெரியநாயக்கன்பாளையம் வந்துருச்சா? ஏறட்டும், ஏறட்டும். ஏய்யா, சைக்கிளை மிதிக்காம ஏறுய்யா! கண்ணு என்ன பொடனியிலயா இருக்குது? பாத்தீங்களா தம்பி. நான் வம்புக்கே போறதில்லை.

அப்பறம் என்னன்னா, சும்மா சொல்லக்கூடாது, கறுப்பு எங்க ஏத்தத்துல காங்கேயங்காளை மாதிரி ஏறுச்சு. அதுல குத்தம் சொல்ல முடியாது. ஆனா ரயில்ல ஏத்தறது ஆரு? படி அவ்வளவு ஒசரம். முத நாளு ஒரு போலீஸ்காரர் தூக்கி விட்டாரு. மறுநாளு காலேஜ் பசங்க. அதுக்கப்பறம் ஒருநாள் ஆருமே இல்லை. அவ பிளாட்பாரத்துல சைக்கிளைப் புடிச்சுட்டு நிக்கறா, ரயில் போயிருச்சு.

அப்ப நான் ஒரு முடிவெடுத்தேன். நானே வந்து தூக்கி வைக்கறேன்னேன். காரமடையில தூக்கி வச்சாப் போதுமா, கோயம்புத்தூர்ல இறக்கி, படிக்கட்டு ஏத்தி, வெளிய விடோணுமே? அதனால கூடவே வர ஆரம்பிச்சேன். காலையில அவகூட வருவேன். அவ சைக்கிள்ல ஆபீஸ் போயிருவா. நான் டவுன்ல இங்கயும் அங்கயும் உக்காந்துட்டு, சாயந்தரம் மறுபடியும் தூக்கி வச்சுட்டு, அவகூடவே வீட்டுக்கு. சந்தை நாள்ல மட்டும் அவ லீவு போட்டுக்கிட்டா. முன்னெல்லாம் எக்ஸெல்லுல அரைமணி நேரந்தான் கூட இருப்பேன். இப்பப் போக வர முழுக்க. பாருங்க, தப்பான சைக்கிளை வாங்கினதுல எவ்வளவு நல்லது!

பெருசாப் பேச்செல்லாம் இல்லை. அவ ஜன்னல் வழியா வெளிய பாப்பா. நான் அவ பாக்கறதைப் பாப்பேன். நடுவுல டிக்கெட் பரிசோதகர்கூட ஒரு தகராறு, சைக்கிள் வழியில இருக்குதுன்னாரு. நான் விடலை. பொட்டி முழுக்க எங்களையே பாத்துச்சு. அப்பறம் ஒரு பூக்காரம்மா. அப்பறம் ஒரு வாத்தியார். மோகனா துப்பட்டாவைத் தலைக்கு இழுத்து விட்டுக்கிட்டா. வெயிலுன்னு நினைச்சேன்.

ஒருநாள் ராத்திரி சோறு போடறப்ப மெதுவாச் சொன்னா. "உங்களைப் பாத்தாப் பாவமா இருக்குதுங்கப்பா. முதுகு புடிச்சுட்டு நடக்கறீங்க. பேசாம நான் ஹாஸ்டலுக்கே போயிக்கறேன். அங்க மேடு இல்லை, ரயில் இல்லை, தூக்க வேண்டியதில்லை. கறுப்பு அங்க நல்லா ஓடும்."

எனக்காக, பாருங்க. என்ர முதுகுக்காக. அப்படி ஒரு புள்ளை. ஹாஸ்டல்ல இடம் கிடைக்கறதே குதிரைக்கொம்பாம். ஆனா இவளுக்கு அதிர்ஷ்டம், ஜன்னலோரமா ஒரு கட்டில் ரெண்டு மாசமா இவ பேர்லயே காலியா இருந்துச்சாம்.

நான் முடியாதுன்னேன். தட்டைத் தள்ளினேன். கத்தினேன். நாய் எந்திரிச்சு வெளிய போயிருச்சு. அவ கையைத் துடைச்சுக்கிட்டா. கொடியில கிடந்த பச்சைத்துண்டை எடுத்துட்டு வந்தா. எச்சக் கையைக்கூட நான் கழுவலை, இந்தக் கையைப் புடிச்சு மேல போட்டா.

"மாசத்துல எத்தனை ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வரட்டுங்கப்பா?"

வாயால சொல்லிட்டா பாருங்க, அனுபவம் பத்தலை. நான் உள்ள நாலு விரலையும் புடிச்சேன். அவ ஒண்ணை நீட்டினா. நான் விடலை. "மழை வருமா சாமி?"ன்னு கேட்டேன். "வராதுங்கப்பா"ன்னா. அப்பறம் ரெண்டு விரலைக் கொடுத்தா. மூணாவதை நான் தேடினேன். மடக்கி உள்ளங்கையில ஒளிச்சு வச்சுக்கிட்டா. அவ கை அவ அம்மா கை மாதிரியே. கடைசியில என்ர விரலைச் சேத்து அவதான் மடக்கினா.

ஒண்ணுல ஆரம்பிச்சவளை ரெண்டுக்கு ஏத்திட்டேன். ரெண்டு மடங்கு! ஆரு ஜெயிச்சது?

இதோ, அவளுக்குத்தான் கொண்டுபோறேன். மூட்டை முடிச்சோட போனப்ப இதை எடுத்துட்டுப் போக முடியலை. இன்னிக்கு அவளுக்கு லீவு. ஸ்டேஷனுக்கு வந்து நிப்பா.

என்ன? என்ன சொன்னீங்க? இன்னொருக்காச் சொல்லுங்க?

அவ மொதல்லயிருந்தே ஹாஸ்டலுக்குத்தான் ஆசைப்பட்டாளா? சைக்கிளைச் சும்மா பேசினாளா?

ஏன்யா, ஆருகிட்டப் பேசறோம்னு தெரிஞ்சுதான் பேசறியா? என்ர புள்ளை சூதுவாது தெரியாத புள்ளை. அவளாவது மயிலையைப் பேசி செவலையைப் புடிக்கறதாவது! அந்தச் சட்டத்தையே அன்னிக்கு ரயில்லதான் முதமுதல்ல அவளுக்குச் சொன்னேன். அதுக்கு ரெண்டு வாரத்துக்கு முந்தியே அவ… சைக்கிளை அழுத்திச் சொல்லி… ஹாஸ்டலை வாய்க்குள்ள…

சும்மா இருங்க தம்பி. கொஞ்சம் சும்மா இருங்க.

சின்னதுல எப்பவும் சந்தைக்கு என்கூடத்தான் வருவா. அவ அம்மா இல்லைல்ல, ஆருகிட்ட விட்டுட்டுப் போறது? என்ர தோள்ல உக்காந்துட்டுத் துண்டு நுனியைச் சப்பிட்டே இருப்பா. தூங்கறான்னுல்ல நினைச்சேன்.

வடகோவை தாண்டிருச்சு. எந்திரிங்க. அந்தக் கைப்பிடியைப் புடிங்க, நான் இந்தப் பக்கம். பாத்து. எருமை கனம்.

ஒண்ணு கேக்கறேன் தம்பி. அவ முன்னால "சைக்கிள் நல்லாருக்குது", "அப்பா உங்களைப் பத்தியேதான் பேசிட்டு வந்தாரு", அப்படி இப்படின்னு ஒண்ணும் சொல்லிராதீங்க. காரியம் கெட்டுரும். இன்னிக்கு நான் மூணாவது விரலைக் கேக்கப் போறேன். அதுக்கு மொதல்ல ஹாஸ்டல் சோத்தைப் பத்தி ஒரு சண்டை போடோணும். அப்பறம் ஆபீஸைப் பத்தி. துண்டை உதறித் தோள்ல போட்டுட்டு நாலடி நடக்கோணும். அப்பத்தான் கேக்கோணும்.

அதோ, தூணுக்குப் பக்கத்துல. பச்சைச் சுடிதார். பாக்காதீங்க! பாக்காதீங்கன்னு சொல்றேனல்ல!

சித்த நில்லுங்க. இப்படித் திரும்பி என் மூஞ்சியைப் பாத்துச் சொல்லுங்க தம்பி. நெசமாச் சொல்லோணும்.

ஒண்ணும் தெரியலையில்ல?